தோளில் இல்லாத தழும்பு

"பிடி அபிதா! ரெண்டு கையாலையும் பிடி!"

மூன்றாம் மாடிப் பல்கணிக் கம்பியில் வயிறு அமுங்கக் குனிந்து, சந்திரமதி கயிற்றைச் சரசரவென்று கீழே விட்டாள். உள்ளங்கை தீப்பட்டதுபோல் எரிந்தது. கயிற்றின் நுனியில் ஆடியாடி இறங்கியது பிரம்புக் கூடை. தினமும் தக்காளியும் பாணும் ஏறி வருகிற கூடை அது. இன்றைக்கு அதற்குள் இறங்கியது ஒரு பிஸ்கட் தகரம்.

பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாவின் அந்தச் சந்து, இரண்டு பேர் கையை நீட்டி நின்றால் அடைபட்டுப்போகும் அகலம். அவளோடு ஒரே அறையில் குடியிருக்கும் அபிதா நடுவில் நின்று அண்ணாந்து கூடையைக் கட்டிப்பிடித்தாள்.

"என்னக்கா இது? பிஸ்கட்டோ?"

"ஓம், உனக்குப் பின்னேரத் தேத்தண்ணிக்கு! விசர்க்கதை கதையாமல் எடுத்துக்கொண்டு ஓடு. வீட்டை போகாதை. ஸ்டேசன் பக்கம் போய்ச் சனத்துக்குள்ளை நில்."

"ஆர் வாறது?"

"தெரியேல்லை. படியிலை ஏறி வாறான். ஓடடி!"

அபிதா தகரத்தை மரக்கறிப் பைக்குள் திணித்துக்கொண்டு சந்தைக் கூச்சலுக்குள் மறைந்தாள். சந்திரமதி வெறுங்கூடையை மேலே இழுத்து முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் கீழே தக்காளிக்காரன் கத்திச் சொல்லியிருந்தான்: "எமிலியானா! கமராவும் பைலுமா ஒரு மனுசன் உங்கடை வீட்டைத் தேடி வாறான். அங்கை வேலை செய்யிறது ஆர், எத்தினை நாளா எண்டெல்லாம் கேக்கிறான்!"

எமிலியானா. அங்கேதான் இருந்தது அத்தனை வில்லங்கமும்.

எமிலியானா மன்னார்ப் பெண். வேதக்காரி. இந்த வீட்டுக் கிழவரைப் பார்க்கும் வேலையில் ஐந்து மாதம் இருந்தாள். போன வருடம் மே மாதம், ஒரு லொறியின் பின்பக்கத்தில் ஏறிப் பாரிசிலிருந்த அண்ணனிடம் போய்விட்டாள். போகும்போது தன் ஏப்ரனையும் இத்தாலியில் தங்குவதற்கான பேர்மெஸோக் கடதாசியையும் சுன்னாகத்துச் சந்திரமதியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த திங்கட்கிழமை அதே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அதே பெயரில், சந்திரமதி வந்து கதவைத் தட்டினாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பலெர்மோத் தமிழருக்குள் இது புதினமே இல்லை. ஊருக்குப் போகிறவர் பெயரில் ஒரு மாதம், பிள்ளை பெறுகிறவர் பெயரில் மூன்று மாதம் என்று ஆள் மாறும், வேலை மாறாது. இந்த வெள்ளைகளுக்கு எங்களுடைய முகங்கள் எல்லாம் ஒரே முகம்தான் என்பது எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை. சந்திரமதியும் அதை நம்பித்தான் பதினான்கு மாதமாகப் படிக்கட்டில் நின்று பொட்டை அழித்துவிட்டு, கழுத்தில் அந்தோனியார் பதக்கத்தை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தவை இரண்டு கடதாசிகள். ஒன்று எமிலியானாவின் பேர்மெஸோ. மற்றது சந்திரமதியின் சொந்தக் கடவுச்சீட்டு. இரண்டையும் ஒரே இடத்தில் ஒரு பொலிஸ்காரன் கண்டால் கதை முடிந்தது. வேறு எந்த வருடமென்றாலும் திருப்பி அனுப்பட்டும் என்று அவள் துணிந்திருப்பாள். இப்போது முடியாது. ஒன்பது வயது மகள் றம்யா, ஏஜென்சிக்காரன் கையில், எங்கேயோ ஒரு எல்லையில் வந்துகொண்டிருக்கிறாள். இன்னும் பன்னிரண்டு நாள். பிள்ளை வந்து இறங்கும்போது தாய் இங்கே இருந்தாக வேண்டும்.

மணி மறுபடி அடித்தது. பேர்மெஸோ எங்கே என்று கேட்டால், புதுப்பிக்கக் க்வெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கொடுத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

*

வந்தவன் மெலிந்தவன். யூலை வெயிலிலும் சாம்பல் நிறக் கோட்டு. சந்திரமதி முதலில் பார்த்தது சப்பாத்தைத்தான். பொலிஸ்காரனுக்கு இவ்வளவு நல்ல சப்பாத்து இராது. ஆனால் பெரிய பொலிஸ்காரனாக இருந்தால்?

"சிஞோர் கஸ்பாரே இருக்கிறாரோ? நான் தோத்தோர் பெர்காமினி. வடக்கிலையிருந்து வாறன். நீங்கள்தான் அவரைப் பாக்கிறனீங்களோ?"

தோத்தோர் என்பது இங்கே படித்தவர்களுக்கெல்லாம் போடும் பட்டம். இத்தாலியன் பேச்சு அவள் காதுக்குள் விழும்போதே ஊர்த் தமிழாக மாறிவிடும். அந்தக் கேள்வியும் அப்படித்தான் விழுந்தது. ஆனால் கத்திபோல விழுந்தது.

"ஓம். எமிலியானா."

"எத்தினை வருஷமா?"

"ரெண்டு வருஷம் வருது."

அவன் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினான். ஏன் எழுத வேண்டும்?

உள்ளே, சாய்வு நாற்காலியில் கிடந்த கிழவர் கஸ்பாரே அந்தக் குரலைக் கேட்டதும் செய்த காரியம் இன்னும் விசித்திரமாக இருந்தது. படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே போட்டார். "எனக்கு நித்திரை எண்டு சொல்லு," என்று அவசரமாகக் கிசுகிசுத்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எழுபத்திரண்டு வயது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இவருக்கு எதற்குப் பயம்?

நல்ல வேளையாக, அல்லது கெட்ட வேளையாக, அந்த நேரம் பார்த்து மகள் நின்ஃபா வந்து சேர்ந்தாள். நாற்பத்து மூன்று வயது, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, கலியாணம் கட்டாதவள். தகப்பன் என்றால் உயிர்.

"தோத்தோர்! போன கிழமை டெலிபோன் எடுத்தது நீங்கள்தானே? பப்பா, எழும்புங்கோ. உங்களைப் பற்றிப் புத்தகம் எழுத வந்திருக்கினம்."

கிழவருக்குக் கண்ணைத் திறப்பதைத் தவிர வழியில்லை.

பெர்காமினி உட்கார்ந்து பைலைத் திறந்தான். கோப்பி கொண்டுவந்த சந்திரமதி கதவோரம் நின்றுகொண்டாள். அவன் கதைத்ததைக் கேட்கக் கேட்க, தன்னைத் தேடி வரவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்த மாதம் பலெர்மோவின் புது வெலோட்ரோமில் உலக சைக்கிள் போட்டி. நகரம் முழுக்கச் சுவரொட்டி. அதையொட்டி ஒரு பழைய ஓட்டத்தின் சரித்திரத்தை எழுதுகிறானாம். வடக்கே ஒரு நகரத்தில், கூரை மூடிய மண்டபத்தில், குளிர்காலத்தில் நடந்த ஆறு நாள் ஓட்டம்.

"ஏன் ஆறு நாள் தெரியுமோ?" என்று நின்ஃபாவைக் கேட்டான். "நூறு வருஷத்துக்கு முன்னம் லண்டனிலை துவங்கினது. ஞாயிற்றுக்கிழமை ஓடக்கூடாது. மிச்சம் ஆறு நாள்தானே. ஒருத்தனே ஓடுவான். விழுந்து சாகுமட்டும் ஓடுவான். பிறகு அமெரிக்காவிலை சட்டம் போட்டாங்கள், ஒரு ஆள் ஒரு நாளிலை பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலை ஓடக்கூடாது எண்டு. அதாலை சோடி வந்தது."

சோடியில் ஒருவன் எப்போதும் பலகைத் தடத்தில் இருக்க வேண்டும், இரவானாலும் பகலானாலும். களைத்தவன் மற்றவனின் கையைப் பிடித்து முன்னுக்கு வீசிவிட்டு ஒதுங்குவான். தடத்துக்கு நடுவிலேயே மரப்பெட்டி மாதிரி அறைகள். அதற்குள்தான் சாப்பாடு, நித்திரை, மசாஜ், வாளியில் ஒண்டுக்கு எல்லாம். மேலே சனம் ரொட்டியும் சலாமியும் சுருட்டுப் புகையுமாக ஆறு நாளும் குடியிருக்கும். பாண்ட் வாத்தியம் அடிக்கும். விடியப்புறம் நான்கு மணிக்குச் சனம் கலைந்த பிறகு மட்டும், ஓட்டக்காரர் தொப்பியும் சால்வையுமாகப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் பேப்பர் படித்தபடி மெல்ல மெல்ல உருட்டுவார்கள்.

"அந்த நேரத்திலை தொப்பிக்குள்ளை ஆர் இருக்கினம் எண்டு ஆர் பாத்தது?" என்று பெர்காமினி சிரித்தான்.

கிழவர் சிரிக்கவில்லை.

"உங்கடை தகப்பனார் பெரிய கதை, சிஞோரா. ஐம்பத்திரண்டிலை விழுந்து இடது தோள் எலும்பு ரெண்டாப் போச்சு. வெட்டித் தகடு வைச்சுத் தைச்சவங்கள். ஐம்பத்திநாலிலை கடைசி நாள் விடியப்புறம் இன்னொரு விழுகை. முகம் முழுக்கக் கட்டு. அந்தக் கட்டோடையே அண்டைக்குப் பின்னேரம் ஓடி, சோடி எத்தோரேயோடை சேர்ந்து வெண்டவர். அதோடை சைக்கிளைத் தொடேல்லை. சரிதானே, சிஞோரே?"

"பழைய கதை," என்றார் கிழவர்.

பெர்காமினி பைலிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தான். மசாஜ் பலகையில் வெறும் மேலோடு ஒரு இளைஞன் இருந்தான். இடது தோளில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு, பூரான் ஒட்டினாற்போல.

"அட்டைப்படத்துக்கு இதே இருப்பிலை இப்ப ஒண்டு எடுக்க விருப்பம். அதே தோள், அதே தழும்பு. நாற்பது வருஷம் கழிச்சு. வியாழக்கிழமை விளக்கோடை வாறன். உங்கடை அல்பத்திலையும் இப்பிடிப் படங்கள் இருக்கும், இல்லையோ?"

நின்ஃபா அலுமாரியிலிருந்து அல்பத்தை எடுத்து விரித்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்தில் நான்கு வெற்றிடம். பசை காய்ந்த நான்கு சதுரங்கள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தன.

"ஐயோ! இதிலைதானே பப்பாவின்ரை படங்கள் இருந்தது!"

பிறகு நின்ஃபா மெல்லத் திரும்பினாள். பார்வை சந்திரமதியில் வந்து நின்றது.

"இந்த அலுமாரியைத் துடைக்கிறது ஆர்?"

"நான்தான் சிஞோரா. ஆனால் நான்..."

"வேற ஆர் இந்த வீட்டுக்கை வாறது? பழைய சைக்கிள் படங்களுக்கு இப்ப நல்ல கிராக்கி. கபோச் சந்தையிலை கேட்டு வாங்கிறாங்களாம்."

"சத்தியமா நான் தொடேல்லை, சிஞோரா! அந்தோனியார் மேலை ஆணை!"

"வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு முன்னம் படங்கள் திரும்பி வரவேணும். வராட்டி கராபினியேரிப் பொலிசிட்டைப் போய் முறைப்பாடு எழுதி டெநுன்சியா குடுப்பன். உன்ரை பேர்மெஸோவையும் அங்கை காட்டு."

பெர்காமினி அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

*

புதன்கிழமை காலை. சந்திரமதிக்குத் தலைக்குள் ஒரே ஒரு கேள்வி. படங்களை எடுத்தது யார்? தான் எடுக்கவில்லை. தகப்பனின் ஒரு பழைய சேட்டைக்கூட எறிய விடாதவள் நின்ஃபா; அவள் எடுத்திருக்க வழியில்லை. மிச்சம் ஒரே ஆள்.

அந்த ஆள் குளியலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, அவள் தண்ணீர் ஊற்றக் காத்திருந்தார்.

அவள் முதுகைத் தேய்த்தாள். வலது தொடையில் பழைய தீக்காயம். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் மிளகளவு மச்சம். இந்த உடம்பு அவளுக்குச் சமையலறை மாதிரி. எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இடது தோளுக்குக் கை போனது. நின்றது.

சவர்க்கார நுரையை வழித்து எறிந்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வயதான, சுருங்கிய, ஆனால் வழுவழுவென்ற தோள்.

"சிஞோரே, தழும்பு எங்கை?"

பைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"எந்தத் தழும்பு?"

"சாண் நீளத் தழும்பு. வெட்டித் தகடு வைச்ச தழும்பு. பதினாலு மாசமா இந்தத் தோளைத் தேய்க்கிறன். ஒரு நகக்கீறல்கூட இல்லை. நீங்கள் கஸ்பாரே இல்லை."

கிழவர் நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னார்: "எமிலியானா கண்ணை மூடிக்கொண்டு, செபமாலை சொல்லிச் சொல்லித்தான் என்ரை முதுகைத் தேய்ப்பாள். வெக்கம். நீ முதல் நாளே கண்ணை முழிச்சுக்கொண்டு தேய்ச்சனி."

செம்பு அவள் கையை விட்டு நழுவி நிலத்தில் உருண்டது.

"முதல் நாளே தெரியுமோ?"

"சோடி மாறினால் எனக்குத் தெரியாமல் போகுமோ, பிள்ளை? எனக்கு அதுதானே தொழில்."

"ஏன் சிஞோராவிட்டைச் சொல்லேல்லை?"

"நீ நல்லாத் தேய்க்கிறாய்."

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அவள் கதவைப் பார்த்தாள். இந்த ஆள் யார்? உண்மையான கஸ்பாரே எங்கே? ஒரு மனிதனுடைய பெயரையும் வீட்டையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு நாற்பது வருடம் இருக்கிறவன், அதற்கு முதல் அந்த மனிதனை என்ன செய்திருப்பான்?

"கஸ்பாரேயை என்ன செய்தனீங்கள்?"

"நாளைக்கு அவன் வந்து போன பிறகு கேள். இப்ப கேட்டால் உனக்குக் கை நடுங்கும். நாளைக்கு உன்ரை கை நடுங்கக்கூடாது. என்ரை தோளை நீதான் மூடவேணும்."

"நான் ஏன் மூட?"

"மூடாட்டி நான் ஆர் எண்டு தெரியவரும். கராபினியேரி வருவினம். வந்தால் என்னை மட்டும் கேட்டுப்போட்டுப் போவினமோ?"

றம்யா வரப் பன்னிரண்டு நாள் இப்போது பதினொன்றாகிவிட்டது.

"அப்ப நீங்கள் அந்த நாலு படத்தையும் திருப்பி ஒட்டுங்கோ."

"படங்களை நான் எடுக்கேல்லை."

"பொய்!"

"கன்னி மரியாள் மேலை ஆணை."

"ஆணையைக் கொண்டுபோய் அடுப்புக்கை வையுங்கோ. நானும் இந்த வீட்டிலை அந்தோனியார் மேலைதான் ஆணையிடுறனான்."

கிழவர் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஈரத் தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது.

"சரி. எடுக்கேல்லைத்தான். ஆனால் எடுத்து எரிச்சனான் எண்டு நின்ஃபாவிட்டைச் சொல்லுறன். உன்ரை பேர் தப்பும். அதுக்குப் பதிலா நாளைக்கு என்ரை பேர் தப்பவேணும்."

அவர் எடுக்கவில்லை என்றால் வேறு யார்? நம்புவதா, விடுவதா? அன்றைக்கு அவள் அவருக்குப் பாஸ்தா கொண்டுபோய்க் கொடுக்கும்போதுகூட ஒரு கை தூரம் தள்ளித்தான் நின்றாள்.

*

வியாழன் நான்கரை மணிக்குச் சந்திரமதி கிழவரின் இடது தோளில் சித்தாலேப என்ற ஊர்த் தைலத்தை அரைப் போத்தல் பூசி, மேலே பஞ்சு வைத்து, துணியால் கழுத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அறை முழுக்க மணம் மூக்கைப் பிய்த்தது.

ஐந்து மணிக்குப் பெர்காமினி விளக்கும் முக்காலியுமாக வந்தான். பின்னாலேயே நின்ஃபா. வந்ததும் அவள் முதலில் கேட்டது படங்களைப் பற்றி அல்ல.

"தோத்தோர், கோப்பி குடிப்பம். பிறகு படம் எடுக்கலாம்."

"நேரம் போகுது, சிஞோரா. சேட்டைக் கழற்றட்டும்."

"கிரனிட்டா? கீழை நல்ல எலுமிச்சை ஐஸ் கிரனிட்டா விக்கிறான்."

"பிறகு, பிறகு."

நின்ஃபாவின் கையில் கோப்பிக் குவளை தட்டோடு அடித்துக் கிணுகிணுத்தது. சந்திரமதி அதைக் கவனித்தாள். தன்மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

சேட்டு கழன்றது. கட்டு தெரிந்தது. பெர்காமினியின் புருவம் ஏறியது.

"இது என்ன?"

"சந்த் அந்தோனியோவின்ரை நெருப்பு," என்றாள் சந்திரமதி. அக்கிக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். "செவ்வாய் ராத்திரி துவங்கினது. முழுக்கக் கொப்பளம்."

"அஞ்சு நிமிஷம் அவிழ்த்தால் போதும்."

அவன் கையை நீட்டினான். விரல் கட்டின் முடிச்சைத் தொட்டது.

"தொடாதேங்கோ!" அவள் போட்ட சத்தத்தில் அவன் கை பின்னுக்குப் போனது. "நீரொழுகுது. சின்னனிலை உங்களுக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்ததோ?"

"எனக்கு... ஞாபகமில்லை."

"அப்ப அம்மாவை ஒருக்கால் கேட்டுப்போட்டுத் தொடுங்கோ. பெரிய வயசிலை வந்தால் ஆம்பிளையளுக்குக் கூடாது. எங்கை எங்கையெல்லாமோ வீங்கும்."

பெர்காமினி இரண்டு அடி பின்னால் நகர்ந்து, நல்ல சப்பாத்தால் முக்காலியைத் தட்டி விழுத்தினான். சித்தாலேப மணத்தில் அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணாலேயே கிழவரையும், கட்டையும், கடைசியாகச் சந்திரமதியையும் நிறுத்தி நிதானமாகப் பார்த்தான்.

"இவருக்கு எப்பவும் கட்டு சரியான நேரத்திலைதான் வருது," என்றான். "புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது. பழைய படத்தோடையே போகட்டும்."

நின்ஃபா அவனை வழியனுப்பக் கீழே போனாள். படிக்கட்டில் இரண்டு பேரின் காலடியும் தேய்ந்து மறையும்வரை சந்திரமதி அசையவில்லை. பிறகு கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லுங்கோ. கொண்டனீங்களோ?"

கிழவர் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். குரலில் உயிரில்லை.

"என்ரை பேர் பியேரோ. கஸ்பாரேயின்ரை மசாஜ்காரன். ஒரு காலத்திலை நானும் ஓடினவன்தான். விடியப்புறம் ஓட்டம் செத்துக் கிடக்கிற நேரத்திலை அவனுக்கு நித்திரை காணாட்டி, அவன்ரை தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் உருட்டுவன். எல்லாச் சோடியும் செய்த வேலைதான். கடைசி நாள் அஞ்சு மணிக்கு உருட்டிப்போட்டு வந்து அவனை எழுப்பினன். எழும்பேல்லை. நான் குடுத்த ஊசியோ, ஆறு நாள் நித்திரை முழிச்சதோ, நாற்பது வருஷமா எனக்கே தெரியாது."

"பிறகு?"

"ஓட்டத்தை நடத்தினவன் வந்து பாத்தான். டாக்குத்தரைப் பாத்தான். என்னைப் பாத்தான். 'கஸ்பாரே செத்தால் ஓட்டமும் செத்துது. செத்தது மசாஜ்காரன்' எண்டான். என்ரை முகத்திலை கட்டுப் போட்டாங்கள். பின்னேரம் நான் ஓடினன். வடக்கிலை ஒரு மயானத்திலை என்ரை பேரிலை அவன் கிடக்கிறான்."

"அவரின்ரை மனுசிக்கு?"

"சம்பியன் வீட்டை வந்தால் நகரசபையிலை வேலை எண்டு முதலே எழுத்திலை குடுத்திருந்தது. விதவைக்கு ஒரு பூமாலை. ஊரிலை அவன்ரை ஆக்கள் எல்லாரும் குண்டு விழுந்து செத்திட்டினம். அவன் சின்ன வயசிலையே வடக்குக்குப் போனவன். முகம் ஞாபகமுள்ள ஆள் குறைவு. நான் முகக்கட்டோடையே ரெயிலாலை இறங்கி, ஒரு மூலைக்கை கூட்டிக்கொண்டு போய் அவவுக்கு உண்மையைச் சொன்னன். ஒரு நாள் முழுக்க அவ கதைக்கேல்லை. அடுத்த நாள் என்னைக் கஸ்பாரே எண்டு கூப்பிட்டா. சாகும்வரைக்கும் அப்பிடித்தான் கூப்பிட்டா."

"நின்ஃபா?"

"அவள் அப்ப சின்னக் குழந்தை. அவளுக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் கூடாது. அவளுக்கு என்னை விட்டால் ஆர் தகப்பன்?"

கதவு திறந்தது. நின்ஃபா உள்ளே வந்து, தகப்பனின் சேட்டை எடுத்துத் தோளில் போர்த்திவிட்டாள்.

"நின்ஃபா," என்றார் கிழவர், ஒப்புக்கொண்டபடி. "இந்தப் பிள்ளையைப் பேசாதை. அந்தப் படங்களை நான்தான் எடுத்தனான். பழைய முகத்தைப் பாக்கப் பிடிக்கேல்லை. அடுப்பிலை போட்டு எரிச்சுப்போட்டன்."

நின்ஃபா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். என்ன விதமான பார்வை என்று சந்திரமதிக்குப் பிடிபடவில்லை.

"சரி பப்பா," என்றாள் மெதுவாக. "எரிச்சால் எரிச்சதுதான். படுங்கோ." திரும்பி, "எமிலியானா, குசினிக்கு வா," என்றாள்.

குசினிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

"அக்கி எப்ப வந்தது எண்டனி?"

"செவ்வாய்... செவ்வாய் ராத்திரி, சிஞோரா."

"நேற்றுப் பின்னேரம் நான்தான் அவருக்குச் சேட்டு மாத்தினனான். தோள் சுத்தமா இருந்தது. ஆருக்காக அந்தப் பொய் சொன்னனி?"

சந்திரமதி கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். கீழே சந்தையில் கடை கட்டுகிறவர்களின் தகரச் சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப உனக்கும் தெரியும்," என்றாள் நின்ஃபா.

உனக்கும்? அந்தச் சொல் சந்திரமதியின் நெஞ்சில் போய் இடித்தது.

"சிஞோரா, கராபினியேரி... டெநுன்சியா..."

"ஒரு டெநுன்சியாவும் இல்லை. அந்த மனுசனுக்கு முன்னாலை வேற சாட்டு வாயிலை வரேல்லை. உன்னைப் பலி குடுத்தன். மன்னிச்சுக்கொள்." நின்ஃபா கதிரையில் இருந்தாள். "போன வருஷம் வேற முகத்தோடை வந்து நிண்ட எமிலியானாவை நான் ஏன் ஒண்டும் கேக்கேல்லை எண்டு நினைக்கிறாய்? நல்லாப் பாக்கிற ஆள் ஆரா இருந்தால் என்ன எண்டு, இந்த வீட்டிலை அம்மா எனக்குப் பழக்கினது அப்பிடி."

அவள் கைப்பையைத் திறந்தாள். உறை ஒன்றை எடுத்தாள். உறைக்குள்ளிருந்து நான்கு படங்கள் மேசையில் சரிந்தன. நான்கிலும் வெறும் மேலோடு ஒரு இளைஞன். நான்கிலும் அந்தத் தழும்பு.

"டெலிபோன் வந்த அண்டைக்கே பிய்ச்செடுத்தது நான்தான். பப்பாவிட்டைச் சொல்லாதை. நான் ஒண்டும் தெரியாதவள் எண்டு நம்பித்தான் அவர் உயிரோடை இருக்கிறார்."

"உங்களுக்கு ஆர் சொன்னது, சிஞோரா? அம்மாவோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு அப்ப மூண்டு வயது. சென்ட்ராலே ரெயில் ஸ்டேசனிலை அம்மாவின்ரை இடுப்பிலை இருந்தனான். பாண்ட் வாத்தியம் அடிக்குது, சனம் கஸ்பாரே கஸ்பாரே எண்டு கத்துது, முகம் முழுக்கக் கட்டோடை ஒரு ஆள் ரெயிலாலை இறங்கி வந்து என்னைத் தூக்கினார். அந்தக் கட்டுக்குள்ளையிருந்து என்னைப் பாத்த கண் என்ரை அப்பாவின்ரை கண் இல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."